டேன்டீயை யார் கையில் கொடுப்பது?

2022 அக்டோபரில் அந்த அரசாணை வந்ததிலிருந்து நீலகிரியின் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் நாலு பேர் கூடினால் பேச்சு டேன்டீயில்தான் போய் நிற்கிறது. டேன்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைப்பது என்பது ஆணை. கழகத்தின் மொத்தப் பரப்பில் அது பாதிக்குப் பக்கம். போராட்டம் நடந்தது, கட்சிகள் வந்துபோயின, ஓய்வு பெற்றவர்களின் நிலுவைக்கும் வீட்டுக்கும் அரசு வழி சொன்னது. மீதித் தோட்டத்தை யார், எந்த அமைப்பில் நடத்துவது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

பேச்சில் அடிபடும் வழிகள் பல. தனியாருக்குக் குத்தகை விடலாம் என்கிறார்கள். எல்லாவற்றையும் காட்டிடமே விட்டுவிடலாம் என்கிறார்கள். சிறு விவசாயிகளின் இன்ட்கோ ஆலைகள் மாதிரிக் கூட்டுறவாக்கு என்கிறார்கள் சிலர். மூணாறில் செய்தது போலத் தொழிலாளியையே பங்குதாரர் ஆக்கு என்கிறார்கள் வேறு சிலர். கழகமாகவே வைத்துச் சரிசெய்யச் சொல்பவர்களும் உண்டு. நான் கடைசிக் கட்சி. ஆனால் ‘சரிசெய்வது’ என்று அவர்கள் சொல்வதும் நான் சொல்வதும் வேறு.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுவோம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வனத்துறை 1968-இல் காட்டை வெட்டித் தேயிலை போட்டது. 1975-இல் அது கம்பெனிச் சட்டப்படி கழகமானது. செய்தது மறுவாழ்வு வேலை, போட்டுக்கொண்ட சட்டை கம்பெனிச் சட்டை. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் நட்டக் கணக்கு வாசிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு ஓடு மாற்றுவது, பிள்ளைக் காப்பகம், மருத்துவமனை, எஸ்டேட் பாதை எல்லாம் கழகத்தின் செலவில் ஏறுகிறது. பக்கத்துக் கிராமத்தில் இதே செலவை ஊராட்சியும் சுகாதாரத் துறையும் செய்தால் அதற்குப் பெயர் நட்டமில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்தப் பொறுப்பை முதலாளி தலையில் வைத்தது; இங்கே முதலாளி அரசு.

அதற்காகக் கழகத்தின் தோட்டம் நன்றாக நடக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. செடிகளுக்கு வயதாகிவிட்டது. செடியை வெட்டிவிடும் கவாத்து தள்ளிப்போகிறது. நாலு கிலோவுக்கும் மேல் பச்சைக்கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள். கொழுந்து பறிக்க ஆளில்லாமல் இலை முற்றிப்போனால் குன்னூர் ஏலத்தில் அந்தத் தூளுக்கு என்ன விலை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆக, நட்டத்தில் ஒரு பங்கு மறுவாழ்வுச் செலவு, ஒரு பங்கு நிர்வாகக் கோளாறு. இரண்டையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதாமல் எந்த வழியையும் மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

தனியார் குத்தகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதற்கான பாடம் நம் உறவுக்காரர்கள் வீட்டிலேயே இருக்கிறது. இலங்கையில் 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இரண்டு அரசு நிறுவனங்கள் அவற்றை நடத்தி நட்டத்தில் தள்ளின. 1992-இல் நிர்வாகம் 22 தனியார் கம்பெனிகளுக்குப் போனது, நிலம் அரசின் பெயரில் நின்றது. அதற்குப் பிறகு மலையகத்தில் ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்கான போராட்டம் 2021 வரை இழுத்தது. ஏழு பேர்ச் (இலங்கையின் நில அளவை) நிலமும் தனி வீடும் இன்னும் வாக்குறுதியாகவே நிற்கும் தோட்டங்கள் ஏராளம். கம்பெனியிடம் கேட்டால் நிலம் அரசுடையது என்பார்கள், அரசிடம் கேட்டால் நிர்வாகம் கம்பெனியுடையது என்பார்கள். குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் போதும். சிங்கம்பட்டி ஜமீனிடம் தனியார் கம்பெனி 1929-இல் எடுத்த 99 வருடக் குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, 2024-இல், அங்கே விருப்ப ஓய்வுப் படிவம் நீட்டப்பட்டது. டேன்டீயே எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அரசு மறுத்தது, நீதிமன்றமும் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. இங்கே நாம் டேன்டீ வேண்டாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அங்கே டேன்டீ கிடைக்காதா என்று கேட்டார்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

காட்டிடம் விடுவது என்பதைச் சிலர் துரோகம் போலப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நிலம் காடாக இருந்தது. பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் புழங்கிய காடு. அதை வெட்டும்போது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, வெட்டிய பிறகு வந்து குடியேறிய நம் தாத்தா பாட்டிகளிடமும் கேட்கவில்லை. யானை தேயிலையைத் தின்னாது. நடுவில் கடந்து போகிறது, அவ்வளவுதான். ஆளில்லாமல் விட்ட சரிவுகளில் தேயிலைச் செடி மரமாகி நிற்கிறது, அடியில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அந்தப் புதருக்குள் யானை நிற்பது பத்தடி தூரத்தில் போனாலும் தெரியாது. காலையில் கொழுந்துக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நல்ல காடும் பரவாயில்லை, நல்ல தோட்டமும் பரவாயில்லை, இந்த இரண்டுங்கெட்டான் நிலம்தான் ஆளைக் கொல்கிறது என்று. ஆகவே கைவிட்ட பரப்பைக் காடாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. வேலியை மாற்றி எழுதினால் காடு வந்துவிடாது என்பதுதான் கவலை. உண்ணிச்செடியையும் மஞ்சள் கொன்றையையும் வேரோடு எடுத்துச் சோலை மரங்களை வைத்துப் பல வருடம் காக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று ஆணையில் எழுதினால், கொழுந்து பறித்த கைகளுக்கே அந்த வேலையைக் கொடுத்தால், சண்டை பாதி அடங்கும்.

சிக்கல் வீட்டில் இருக்கிறது. வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. நிலம் காடாகிவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வீடு இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் நமக்கு உதவாது. பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 1968-க்குப் பிறகு கப்பலேறி வந்தவர்கள் எந்தக் கணக்கிலும் அதற்குள் வர முடியாது. அப்புறம் கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் யானை வழித்தட வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் வெளியானது. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் சில நாட்கள். கூடலூர் முழுக்கப் பீதி. அறிக்கையில் இருந்த நல்ல விஷயங்களைக்கூட அதற்குப் பிறகு யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. வனத்துறையின் கையில் முழுக்கக் கொடுப்பதற்கு எனக்குள்ள தயக்கம் இதுதான்: காட்டைக் காக்கத் தெரிந்த துறை அது, ஊரோடு பேசிப் பழகிய துறை அல்ல.

இனி இன்ட்கோ. கூட்டுறவு என்று சொன்னதும் கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்து நண்பர்கள் முகம் மலரும், சிலர் முகம் சுளிப்பார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. 1962-இல் குந்தா கூட்டுறவுத் தேயிலை ஆலை தொடங்கியது. 1965-இல் இந்த ஆலைகளுக்கெல்லாம் தலைமை அமைப்பாக இன்ட்கோசர்வ் வந்தது. இன்று பதினாறு ஆலைகள், ஏறக்குறைய முப்பதாயிரம் சிறு விவசாயிகள். சோவியத் யூனியன் உடைந்து நீலகிரித் தேயிலைக்குச் சந்தை போனபோது, தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை தரையில் விழுந்தபோது, தனியார் ஆலைகள் சொன்னதே விலை என்று ஆகாமல் ஓரளவு தடுத்து நின்றது இந்த ஆலைகள்தாம். ரேஷன் கடையில் வாங்குகிற ஊட்டி டீயும் இவர்கள் சரக்கு.

ஆனால் உறுப்பினர்களே நல்ல இலையைத் தனியார் ஆலைக்குக் கொண்டுபோய்விட்டு முற்றிய இலையைக் கூட்டுறவுக்கு ஊற்றுவது இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். தனியார் ஏஜென்ட் வாசலுக்கே வண்டி கொண்டுவருகிறார், முன்பணம் தருகிறார். கூட்டுறவில் பணம் வரத் தாமதமாகிறது. தேர்தல் நடந்தால் ஆளுங்கட்சி ஆட்கள், நடக்காவிட்டால் தனி அலுவலர். உறுப்பினர் என்ற சொல்லுக்கு அட்டைக்கு மேல் பொருள் இல்லாமல் போகிற காலங்கள் நீளமானவை. இதை வைத்துக் கூட்டுறவே தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாயகம் திரும்பியோருக்காக 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கியும் கூட்டுறவுதான், அரசுகளின் பங்கோடு நடப்பது, இன்றும் திடமாக நிற்பது.

டேன்டீயை இன்ட்கோவோடு சேர்ப்பதற்கு நான் எதிர்ப்பதற்குக் காரணம் வேறு. இன்ட்கோ உறுப்பினருக்குச் சொந்தத் தோட்டம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது கிலோவுக்கு நல்ல விலை. டேன்டீ தொழிலாளிக்கு நிலமில்லை. வேண்டியது நாட்கூலியும் வைப்பு நிதியும் பணிக்கொடையும். இரண்டு பேரையும் ஒரே பொதுக்குழுவில் உட்காரவைத்தால் ஒருவருடைய கூலி மற்றவருக்குச் செலவு. எண்ணிக்கையில் யார் அதிகம், யாருக்குப் பேசிப் பழக்கம் அதிகம் என்று பார்த்தால் முடிவு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆலையைப் பகிர்ந்துகொள்ளலாம். சாலிஸ்பரியிலும் பிதர்காட்டிலும் ஏற்கெனவே கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. கழகத்தின் இலை மிஞ்சும் நாளில் அங்கே போகட்டும், அங்கே மிஞ்சும் நாளில் இங்கே வரட்டும். நிர்வாகத்தை மட்டும் கலக்க வேண்டாம்.

மூணாறு வழிதான் படித்த இளைஞர்களுக்கு ரொம்பப் பிடித்தது. 2005 ஏப்ரலில் டாடா டீ அங்கே தோட்டம் நடத்துவதிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி உருவானது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர் ஆனார்கள், பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கையில். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. மூடிப்போயிருக்க வேண்டிய தோட்டங்கள் மூடவில்லை என்பதும் உண்மை.

2015 செப்டம்பரில் அதே கம்பெனியில் போனஸ் இருபது சதவீதத்திலிருந்து பத்தாகக் குறைந்தது. தமிழ் பேசும் பெண்கள், கொழுந்து பறிக்கிறவர்கள், ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, ஒன்பது நாளில் இருபது சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அப்போது அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் 301 கிடைத்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால் அவர்கள் பங்குதாரர்கள். பெட்டிக்குள் பங்குப் பத்திரம் இருந்தும், தங்கள் கம்பெனியோடு பேசச் சாலை மறியல் செய்ய வேண்டியிருந்தது. ஐந்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்டில், பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் செத்தார்கள். அவர்கள் இருந்தது பழைய லயங்களில், அதாவது லைன் வீடுகளில்தான். உடைமை மாறி பதினைந்து வருடமாகியும் வீடு அதே வீடு.

ஆகவே பங்கு கொடுத்தால் குரல் வந்துவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. போதாததற்கு, நட்டத்தில் உள்ள கம்பெனியின் பங்கைத் தொழிலாளிக்குக் கொடுப்பது என்றால் நட்டத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதானே. ஓய்வு பெறும்போது பணிக்கொடைக்குப் பதில் பங்கு என்று ஒருவர் ஒரு கூட்டத்தில் யோசனை சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தர், “அதை வச்சு அரிசி குடுப்பாங்களா தம்பி?” என்றார். யோசனை அங்கேயே முடிந்தது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு சட்ட முடிச்சு இருக்கிறது, மேடையில் யாரும் பேசாதது. கழகத்தின் நிலம் வன நிலம். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவுப்படி, தனியாரோ வேறு எந்த அமைப்போ, யாருக்கும் வன நிலத்தைப் புதிதாகக் குத்தகைக்கு விட மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். தனியார் கம்பெனி, தொழிலாளர் கம்பெனி, உறுப்பினர்கள் சுதந்திரமாக நடத்தும் உண்மையான கூட்டுறவு மூன்றும் இந்த வாசலில் போய் நிற்கும். அனுமதி வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் எத்தனை வருடம் ஆகுமோ. அதுவரை செடி காத்திருக்காது. டெல்லிக்குப் போகாமல் சென்னையில் ஒரு கையெழுத்தில் மாற்றக்கூடியது கழகம் ஒன்றுதான். நான் கழகத்தின் பக்கம் நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பிரிவு. பாசம் காரணமில்லை.

சரி, கழகத்தில் எதை மாற்றுவது. வழக்கமாக ‘சீரமைப்பு’ என்று வருவது என்னவென்று பார்த்தாகிவிட்டது: ஆட்குறைப்பு, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவது, ஆலையை மூடுவது, பாக்கெட்டின் நிறத்தை மாற்றுவது. மேலிருந்து ஒரு வன அலுவலர் மேலாண்மை இயக்குநராக வருவார், தோட்டம் பிடிபடுவதற்குள் மாற்றலாகிப் போவார். கணக்கை இந்திய கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர் பார்க்கிறார், சட்டமன்றப் பொது நிறுவனங்கள் குழு பார்க்கிறது. அதெல்லாம் சென்னையில். கொளப்பள்ளி சரகத்தில் போன வருடம் எத்தனை கிலோ பறித்தோம், எத்தனை ரூபாய்க்குப் போனது, உரத்துக்கு எவ்வளவு, ஜீப்புக்கு எவ்வளவு என்று அங்கே வேலை செய்கிறவர் தெரிந்துகொள்ள வழியில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்கலாம்.

நான் கேட்பது முதலில் வீடு. வீட்டுச் செலவு, மருத்துவம், பாதை ஆகியவற்றைக் கழகத்தின் பேரேட்டிலிருந்து எடுத்து அந்தந்தத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் மாற்ற வேண்டும். சேரங்கோடு பக்கம் ஊராட்சி இருக்கிறது, நெல்லியாளம் பக்கம் நகராட்சி இருக்கிறது. இந்த மக்கள் அங்கே ஓட்டுப் போடுகிறார்கள், ஆனால் குழாய் உடைந்தால் கோட்ட மேலாளரிடம் போய் நிற்கிறார்கள். வன நிலத்தில் பட்டா கிடைக்காது என்றால் வருவாய் நிலத்தில் வீடு கட்டிக் குடும்பத்தலைவி பேரில் எழுத வேண்டும். வேலை போனாலும் வீடு போகாது என்ற நிலை வந்த பிறகுதான், எந்தச் சரிவைக் காட்டுக்கு விடலாம் என்று தொழிலாளி நிதானமாகப் பேச முடியும். இன்றைக்கு அவருக்கு ஒவ்வொரு ஏக்கரும் தலைக்கு மேலுள்ள ஓடு.

இரண்டாவது, பகுதிப் பொறுப்பு. இலங்கையிலேயே சில கம்பெனிகள் இதைச் செய்து பார்க்கின்றன: தோட்டத்தில் ஒரு துண்டைக் குடும்பத்தின் பொறுப்பில் விட்டு, இலையின் வருமானத்தைப் பங்கிடுவது. இங்கே குத்தகையாகச் செய்தால் சட்டம் தடுக்கும். வேலை ஒப்பந்தமாகச் செய்யலாம். நிலம் கழகத்துடையது, செடியைப் பார்ப்பது ஐந்தாறு பெண்கள் சேர்ந்த ஒரு குழு, அடிப்படைக் கூலி நிச்சயம், அதற்கு மேல் இலை விலையில் பங்கு. வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் தொடக்கூடாது. இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. அடிப்படைக் கூலியை மெல்ல அரித்துவிட்டு ‘நீங்கள்தான் பங்காளி ஆயிற்றே’ என்று சொல்லும் நாள் வரலாம். சங்கங்கள் இதனால்தான் தயங்குகின்றன, தயங்குவதும் சரி. அதற்காகத்தான் மூன்றாவது வேண்டுகோள்: இயக்குநர் குழுவில் தொழிலாளர் இரண்டு பேர், அதில் ஒருவராவது கொழுந்து பறிக்கிற பெண், சங்கம் நியமிக்காமல் சரகங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர். கழகத்தின் பங்கெல்லாம் அரசிடம் இருக்கும்போது இதற்குத் தடை சொல்ல யாருமில்லை. கூடவே சரகவாரிக் கணக்கு மாதாமாதம் மஸ்டர் (வருகைப் பதிவு) போடுகிற இடத்தில், தமிழில், ஒட்டப்பட வேண்டும்.

எல்லாச் சரகத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. வால்பாறையின் நிலைமை வேறு, கோத்தகிரியின் நிலைமை வேறு. ஒரு சரகத்தில் ஒரு கவாத்துச் சுற்று, அதாவது நாலைந்து வருடம், நடத்திப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் சேரங்கோடு. ஆலை பக்கத்திலேயே இருப்பதால் இலை எங்கே காணாமல் போகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். யானையும் அங்கே உண்டு, ஆள் பற்றாக்குறையும் உண்டு, ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு மூன்று சங்கங்களும் உண்டு. தேர்ந்தெடுத்த நல்ல சரகத்தில் வெற்றி காட்டிவிட்டு மற்ற இடங்களில் கைவிடும் பழைய வேலை அங்கே நடக்காது.